புல்லில் இறக்கினால் புள்ளி ஏன் குறைகிறது?

கம்ப்யூட்டரில் போர் விமான ஆட்டம் ஆடுகிற, கெடாவின் பீடோங் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "அண்ணே, மூன்று விமானத்தை வீழ்த்திவிட்டு, எஞ்சின் புகையோடு தளத்துக்குத் திரும்பினேன். ரன்வேக்குப் பக்கத்துப் புல்தரையில் அலுங்காமல் இறக்கினேன். 'டிட்ச்' என்று போட்டுப் புள்ளியைக் குறைத்துவிட்டது. கூடப் பறந்தவன் எதிரி எல்லைக்குள் பாராசூட்டில் குதித்தான். அவனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. இது என்ன நியாயம்? தோட்டத்துப் பசங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சனிக்கிழமை இரவில் சொந்தமாக சர்வர் நடத்தப் போகிறோம். லேண்டிங் விதியும் புள்ளிக் கணக்கும் எப்படி வைத்தால் சண்டை வராது?"

சண்டையே வராத புள்ளிக் கணக்கை இதுவரை யாரும் எழுதவில்லை, தம்பி. எதைப் பற்றிச் சண்டை வர வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். முதலில் அந்தப் புல்தரை வழக்கைப் பார்ப்போம். உங்கள் சர்வர் விதிக்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் அலுங்காமல் இறக்கினீர்களா, நாலு தடவை துள்ளி இறக்கினீர்களா என்பதை இரண்டாம் உலகப் போர் விளையாட்டுகள் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். விமானம் அசையாமல் நின்றுவிட்டதா? நின்ற இடம் தளத்தின் எல்லைக்குள் வருகிறதா? அந்தத் தளம் இப்போது யார் கையில் இருக்கிறது? விமானி உயிரோடு இருக்கிறாரா? இதற்கெல்லாம் கிடைக்கும் பதிலைப் பொறுத்து ஒரு முத்திரை விழும்: இறங்கினார், டிட்ச் (அதாவது இறங்க வேண்டிய இடத்துக்கு வெளியே இறக்கினார்), குதித்தார், பிடிபட்டார், செத்தார். புள்ளி எல்லாம் அந்த முத்திரைக்குப் பின்னால்தான் வருகிறது. நீங்கள் வாங்கியது முத்திரைக் குறைபாடு. ஓட்டத் தெரியாத குறை இல்லை.

இதில் ரொம்பக் கறாரானது ஏசஸ் ஹை. 2000-ஆம் ஆண்டில் வந்த பழைய ஆட்டம். அதை உருவாக்கியவர்கள் அதற்கு முன் வார்பேர்ட்ஸ் என்ற ஆட்டத்தில் வேலை செய்தவர்கள். தளத்தின் கான்கிரீட்டில் நின்று வெளியேறினால் அங்கே 'இறங்கினார்' என்று வரும். சக்கரம் புல்லில் இருந்தால் 'டிட்ச்'. சொந்தத் தளத்துக்குள்ளேயே நின்றாலும் அப்படித்தான். ஐஎல்-2 என்ற இன்னொரு ஆட்டத்தின் சர்வர்கள் பலவற்றில் கொஞ்சம் தாராளம் உண்டு. தளத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருப்பார்கள், அதற்குள் நின்றால் போதும். வட்டத்தின் அளவு சர்வருக்கு சர்வர் மாறும்.

வரலாற்றைப் பார்த்தால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1940-இல் பிரிட்டனைக் காத்த ஸ்பிட்ஃபயர்கள் ஏறி இறங்கிய ஹார்ன்சர்ச், டக்ஸ்ஃபோர்டு போன்ற தளங்கள் வெறும் புல்தரைதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து இறங்கினார்கள். ரஷ்ய முனையின் முன்னணித் தளங்கள் பலவும் வயல்வெளி மாதிரிதான் இருக்கும். கான்கிரீட்டில் நின்றால்தான் லேண்டிங் என்பது போர் சொன்ன விதி இல்லை, புரோகிராம் எழுதியவர் தன் வசதிக்கு வைத்தது. ஆனால் விதி எழுதியிருந்தால் எழுதியபடிதான். சக்கரம் உருண்டு கொண்டிருக்கும்போதே ரன்வேயை விட்டு விலக வேண்டாம், நடுவிலேயே நிற்கட்டும். பின்னால் வருகிறவன் திட்டுவான், திட்டட்டும்.

அடுத்தது உங்கள் நண்பர் பாராசூட்டில் குதித்த விஷயம். குழப்பம் தொடங்குவதே இங்கேதான். ஒரு சார்ட்டியில், அதாவது ஒரு தடவை ஏறி இறங்குவதற்குள், மூன்று தனிக் கணக்கு ஓடுகிறது. நீங்கள் எதிரிக்கு என்ன செய்தீர்கள் என்பது ஒன்று. விமானி என்ன ஆனார் என்பது இன்னொன்று. விமானம் என்ன ஆனது என்பது மூன்றாவது. நல்ல சர்வர்கள் இதை மூன்று பத்தியாக, அதாவது பட்டியலில் தனித்தனி வரிசையாக, எழுதுகின்றன. மோசமான சர்வர்கள் மூன்றையும் ஒரே எண்ணில் போட்டுக் கலக்குகின்றன. நீங்கள் விமானியையும் காப்பாற்றினீர்கள், விமானத்தையும் பாதி காப்பாற்றினீர்கள். அவர் இரண்டையும் விட்டுவிட்டு வந்தார். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளி வந்தது என்றால், அந்த சர்வர் ஒரே எண்ணில் கலக்குகிற ரகம்.

கலக்குவதற்கு வழக்கமான வழி பெருக்கல். கில்களுக்கு, அதாவது வீழ்த்திய விமானங்களுக்கு, கிடைத்த புள்ளியை லேண்டிங் முத்திரையால் பெருக்குவார்கள். நல்லபடி இறங்கினால் கூடும், செத்தால் சரிந்து விழும், மற்றவை நடுவில். இதற்குப் பின்னால் ஒரு எண்ணம் இருக்கிறது. நம் தோட்டங்களில் பால் மரம் (ரப்பர்) வெட்டியவர்களுக்கு அது சட்டென்று புரியும்: எத்தனை மரம் வெட்டினாய் என்று கணக்கு எழுதும் கிராணி கேட்க மாட்டார், நிறுவையில் எவ்வளவு ஏறியது என்பதைத்தான் எழுதுவார். அதேபோல வானத்தில் எடுத்த கில்லைத் தளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தால்தான் முழுக் கணக்கு. ஏசஸ் ஹையில் இதற்கு ஒரு மயக்கமும் உண்டு. இரண்டு மூன்று விமானத்தை வீழ்த்திவிட்டு ஒழுங்காக இறங்கினால், இன்னார் இந்த விமானத்தில் இத்தனை வெற்றியோடு இறங்கினார் என்று களத்தில் உள்ள எல்லார் திரையிலும் ஒரு வரி ஓடும். அந்த ஒரு வரிக்காகவே எண்ணெய் தீர்ந்த விமானத்தைப் பத்து மைல் மிதக்கவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். புள்ளியைவிட அந்த வரிக்குத்தான் இழுப்பு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

அதே ஆட்டத்தின் ரேங்க் முறையைப் பாருங்கள், உங்கள் சர்வருக்கு அதில் பாடம் இருக்கிறது. சண்டை விமான ரேங்க்கை ஐந்து கணக்கில் போடுகிறார்கள்: ஒரு சாவுக்கு எத்தனை கில், ஒரு சார்ட்டிக்கு எத்தனை கில், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கில், சுட்டதில் எத்தனை சதவீதம் பட்டது, மொத்தப் புள்ளி எவ்வளவு. சாவுக் கணக்கை வகுக்கும்போது சாவோடு ஒன்றைக் கூட்டிக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் சாகாதவனுக்குப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும்.

இந்த ஐந்தும் ஆளை ஐந்து பக்கம் இழுக்கும். குண்டு தீர்ந்துபோய், தளம் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கணக்கு சொல்லும்: எதற்கு வீணாகத் திரும்பிப் பறக்கிறாய், இங்கேயே முடித்துவிட்டுப் புது விமானம் எடு. சாவுக்கணக்கு சொல்லும்: பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை, வீடு போய்ச் சேர். சார்ட்டிக் கணக்கு இன்னும் தந்திரம் சொல்லும்: தளத்தில் குண்டும் எண்ணெயும் ஏற்றும் இடத்தில் போய் நில், வெளியேறாமலே மறுபடி ஏறு, அதே சார்ட்டியில் கில் சேரும். சுட்டதில் பட்ட சதவீதம் வேறு பாட்டுப் பாடும்: ரொம்பக் கிட்டே போகும்வரை சுடாதே. ஐந்தையும் சேர்த்துப் பார்ப்பதால் ஒன்றை மட்டும் ஏமாற்றி முதலிடம் வர முடிவதில்லை. ஒரே எண்ணை வைத்து ரேங்க் போட்டால் அந்த எண்ணுக்குத்தான் ஆள் பறப்பான், போருக்குப் பறக்க மாட்டான்.

வார் தண்டர் ஆட்டத்தில் கதை வேறு. அதன் ரியலிஸ்டிக் சண்டை முறையில் தளத்தில் இறங்கி நின்றால் பழுது பார்த்துக் குண்டு ஏற்றிக் கொடுக்கும், நீங்கள் மறுபடி ஏறலாம். லேண்டிங் அங்கே மதிப்பெண் இல்லை, இன்னொரு வாய்ப்பு. விமானம் நொறுங்கினால் பழுதுச் செலவு சில்வர் லயன்ஸ் என்ற ஆட்டப் பணத்தில் கழியும். பணம் போகிறது என்பதுதான் அங்கே தண்டனை. வேர்ல்டு வார் டூ ஆன்லைனில் புள்ளியைவிட முடிவுக்கு வைத்த பெயர்தான் பேச்சு: தளம் திரும்பினார், மீட்கப்பட்டார், காணவில்லை, செத்தார். இந்த நாலில் 'மீட்கப்பட்டார்' என்பதைத்தான் உங்கள் புல்தரைக்குப் பொருத்தமான முத்திரை என்று சொல்வேன்.

பாராசூட்டில் குதித்தால் எங்கே விழுந்தோம் என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு 1940-ஐத்தான் காட்ட வேண்டும். இங்கிலாந்து வானத்தில் நடந்த சண்டையில் குதித்த பிரிட்டிஷ் விமானி சொந்த மண்ணில் விழுந்தார். காயமில்லை என்றால் அன்றைக்கே வேறு விமானத்தில் ஏறியவர்களும் உண்டு. அதே உயரத்தில் அதே மாதிரி குதித்த ஜெர்மானியர் போர்க்கைதி, அவருக்குப் போர் அன்றோடு முடிந்தது. 'பிடிபட்டார்' என்பதைச் சாவுக்குச் சமமாக வைக்கும் சர்வர்கள் இதைத்தான் எழுதுகின்றன. அணிக்கு அந்த விமானி இனி இல்லை. ஐஎல்-2 புள்ளிவிவரப் பக்கங்களில் தொடர் கில் கணக்கு சாவில் அறுவது போலவே பிடிபட்டாலும் அறுந்துவிடும். உங்கள் நண்பர் அந்த மாதிரி சர்வரில் குதித்திருந்தால் அவருடைய தொடர் பூஜ்யம் ஆகியிருக்கும், உங்களுடையது ஓடிக்கொண்டிருக்கும். இதுதான் சரியான முறை என்பது என் கட்சி.

மூன்று கணக்கும் தனித்தனி என்பதற்கு நம் கெடாவிலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கிய அன்றே சுங்கை பட்டாணி விமானத்தளத்திலும் குண்டு விழுந்தது. மறுநாள் பட்டர்வொர்த்தில் இருந்து பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் சிங்கோரா மேல் தாக்குதலுக்குப் புறப்பட இருந்தன. தாய்லாந்தில் இப்போது சொங்க்லா என்று அழைக்கப்படும் ஊர் அது. ஆர்தர் ஸ்கார்ஃப் ஓட்டிய விமானம் மேலே ஏறிய நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் தளத்தைத் தாக்கின. மற்றவை ஏற முடியவில்லை. ஸ்கார்ஃப் தனியாகவே சிங்கோரா வரை போய்க் குண்டு போட்டார். திரும்பும்போது எதிரி விமானங்கள் சுட்டதில் கையும் முதுகும் சிதைந்தன. கூட இருந்தவர்கள் தாங்கிப் பிடிக்க, விமானத்தை அலோர்ஸ்டாரில் கொண்டுவந்து இறக்கினார். அவர்கள் இருவருக்கும் அந்த இறக்கத்தில் காயமில்லை. அவர் மட்டும் மருத்துவமனையில் இறந்துபோனார். 1946-இல்தான் விக்டோரியா கிராஸ் அறிவித்தார்கள். இந்தச் சார்ட்டிக்கு ஒரே எண்ணில் என்ன புள்ளி போடுவீர்கள்? இலக்கு தாக்கப்பட்டது, கூட வந்தவர்கள் பிழைத்தார்கள், விமானி செத்தார். பெருக்கல் முறையில் போட்டால், 'செத்தார்' என்ற ஒரே முத்திரையில் இவர் செய்தது எல்லாம் சரிந்து விழும்.

சரி, கில் யாருக்கு என்பதற்கு வருவோம். லேண்டிங் விதியோடு இது ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஒருவனைச் சுட்டுத் துளைத்துவிட்டீர்கள், அவன் எப்படியோ தப்பிப் போய்த் தன் தளத்துக்கு முன்னால் மரத்தில் மோதினான். கில் உங்களுக்கா? பெரும்பாலான ஆட்டங்களில் ஆமாம். அதிகச் சேதம் செய்தவருக்கோ, கடுமையான சேதம் என்று பதிவான அடியைக் கொடுத்தவருக்கோ போய்ச் சேரும். அவனே ஒழுங்காக இறங்கி நின்றுவிட்டால் கில் கிடையாது. அதனால்தான் அடிபட்ட ஆளை ரன்வே வரை துரத்துகிறார்கள்.

போரில்கூட நாட்டுக்கு நாடு இந்தக் கணக்கு வேறு. பிரிட்டிஷ்காரர்கள் ஒரு விமானத்தை இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் அரை அரை என்று எழுதினார்கள். ஜெர்மானிய முறையில் ஒரு விமானம் என்றால் ஒருவருக்குத்தான். தரையில் நிற்கும் விமானத்தைச் சுட்டதை அமெரிக்காவின் எட்டாவது விமானப்படை தன் விமானிகள் கணக்கில் சேர்த்தது, பிரிட்டிஷ் விமானப்படை வான்வெற்றியாக எண்ணவில்லை. இறங்கிக் கொண்டிருப்பவனையும் ஏறிக் கொண்டிருப்பவனையும் காத்திருந்து சுடுவதை ஆட்டக்காரர்கள் வல்ச்சிங் என்கிறார்கள், கழுகு வேலை. அதைத் தடை செய்வதா வேண்டாமா என்பதில் ஒவ்வொரு சர்வரிலும் நாள்முழுக்க வாக்குவாதம். தடை வேண்டாம், ஆனால் அப்படி எடுத்ததை வான்வெற்றியில் சேர்க்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. தளத்தைத் தாக்குவது போரில் நடந்ததுதான்.

இதைவிடப் பெரிய தலைவலி லைன் அறுவது. கெடாவில் சாயங்கால மழை வந்து இரண்டு இடி இடித்தால் யார் வீட்டு இன்டர்நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒருவன் உங்கள் பின்னால் வந்து சுட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் காணாமல் போனால், இடியால் போனீர்களா, கேபிளைப் பிடுங்கினீர்களா என்று சர்வருக்குத் தெரியாது. இரண்டும் பதிவேட்டில் ஒரே வரி. அதனால் நோக்கத்தைத் தேடாமல் நேரத்தைப் பார்க்கிற விதிதான் வேலை செய்யும். கடைசியாக அடிபட்டுச் சில நிமிடங்களுக்குள் லைன் போனால் அடித்தவருக்குக் கில். அடிபடாமலே போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை. நல்லவன் ஒருவனுக்கு அவ்வப்போது நஷ்டம் வரும்தான். பரவாயில்லை, கேபிள் பிடுங்குகிறவனுக்கு வழி அடைபடுகிறதே.

இப்போது எஞ்சின் செத்த விமானத்தை முத்திரை கிடைக்கும்படி இறக்குவது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். புல்லில் போய் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கடைசி 300 மீட்டரில் இல்லை, அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் இருக்கிறது. எஞ்சின் நின்றதும் முதல் வேலை மூக்கில் இருக்கும் விசிறியின் கோணம். அது தட்டையாக நின்றால் காற்றுக்கு எதிரே பலகை பிடித்த மாதிரி இழுக்கும். மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் தானியங்கியை அணைத்துவிட்டுக் இதழின் விளிம்பு காற்றைப் பார்க்கும் பக்கமாகக் கோணத்தைக் கையால் திருப்பலாம். ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் போன்றவற்றில் விசிறி நெம்புகோலை முழுக்கப் பின்னால் இழுங்கள். மிதக்கும் தூரம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். சக்கரத்தை இறக்கும் அவசரம் வேண்டாம். ரன்வே உறுதி என்று தெரிந்த பிறகு சக்கரம், அதற்கும் பிறகு ஃபிளாப், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தட்டு. ஃபிளாப்பை இறக்கிவிட்டுப் பிறகு உயரம் போதவில்லை என்று ஏற்றினால் விமானம் பொத்தென்று அமிழும். ஸ்பிட்ஃபயரில் நடுநிலையே கிடையாது, ஒன்று மேலே, இல்லாவிட்டால் முழுக்கக் கீழே.

உயரம் கொஞ்சம் அதிகமாகவே வாருங்கள். அதிக உயரத்தைப் பக்கவாட்டில் சறுக்கிக் கரைக்கலாம், ஒரு பக்கம் சாய்த்து எதிர்ப்பக்க ரடர் (வால் சுக்கான்) மிதித்தால் வேகம் ஏறாமல் இறங்கும். குறைந்த உயரத்துக்கு மருந்தே இல்லை. 109-ஐ மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் கொண்டு வந்தால் கை நடுங்காமல் இறக்கலாம். தொட்ட பிறகுதான் நிறையப் பேர் கெடுக்கிறார்கள். வால்சக்கரம் வைத்த விமானம் மெதுவாகும்போதுதான் சுழலும், வேகமாக ஓடும்போது இல்லை. 109-இல் வால்சக்கரப் பூட்டை முன்பே போட்டுவிடுங்கள். மஸ்டாங்கில் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தே வைத்திருந்தால் பூட்டு பிடிக்கும். பிரேக்கைக் குத்தாமல் தட்டித் தட்டிப் போடுங்கள். மூக்குக் குத்தி விசிறி வளைந்தால் சில சர்வர்களில் அது சேதம், சிலவற்றில் விபத்து.

நின்ற பிறகு, முழுக்க நின்ற பிறகு, வெளியேறுங்கள். வேகமானி பூஜ்யம் காட்டினாலும் விமானம் ஊர்ந்து கொண்டிருக்கும். அந்த ஊர்தலில் வெளியேறிவிட்டு முத்திரை வரவில்லை என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். மேப்பில் தளத்தின் நிறத்தையும் ஒருமுறை பாருங்கள், நீங்கள் கிளம்பும்போது நம்முடையதாக இருந்தது திரும்பும்போது எதிரியுடையதாகி இருக்கலாம். சக்கரமே இறங்கவில்லை என்றால்தான் புல்லை யோசிக்க வேண்டும். வயிற்றில் சறுக்குவதற்குப் புல் தோது, ஆனால் அந்த நேரத்தில் புள்ளியை மறந்துவிட்டு ஆளைக் காப்பாற்றுங்கள்.

லேண்டிங்கையே அழகு பார்த்து மார்க் போடும் இடம் ஒன்று இருக்கிறது, விமானந்தாங்கிக் கப்பல். பட்டர்வொர்த்தில் இருந்து எழும்பி நம் தலைக்கு மேல் இடி மாதிரி போகிற எஃப்/ஏ-18டி ஹார்னெட் இருக்கிறதே, அந்தக் குடும்பத்து விமானமே கப்பலுக்காகச் செய்தது. டிசிஎஸ் வேர்ல்டு என்ற ஆட்டத்தில் அதே குடும்பத்து ஹார்னெட்டை எடுத்துக் கப்பலில் இறக்கினால், தளத்தில் நிற்கும் அதிகாரி அமெரிக்கக் கடற்படை முறையில் தரம் போடுவார். அடிக்கோடிட்ட ஓகே 5 புள்ளி, அது அபூர்வம். சாதாரண ஓகே 4. அடைப்புக்குறிக்குள் போட்ட ஓகே, அதாவது சுமார், 3. விமானத்தின் கொக்கி, தளத்தில் குறுக்கே கட்டியிருக்கும் கம்பியில் மாட்டாமல் மறுபடி எழும்பினால் 2.5. கோடு மட்டும் போட்டால் 2, பத்திரமாக வந்தாய், ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை என்று அர்த்தம். இறங்காதே என்று விரட்டிவிட்டால் 1. ஆபத்தாக வந்தால் பூஜ்யம்.

இங்கே கவனியுங்கள், கோடு வாங்கியவன் விரட்டப்பட்டவனைவிட அதிகம் வாங்குகிறான், ஆனால் கம்பியைத் தவறவிட்டவன் கோட்டுக்காரனைவிட அதிகம் வாங்குகிறான். எங்கே நின்றாய் என்று இவர்கள் கேட்பதில்லை, எப்படி வந்தாய் என்றுதான் கேட்கிறார்கள். கடைசி நேர்கோட்டில் 15 முதல் 18 வினாடி இருக்க வேண்டும். நாலு கம்பி உள்ள கப்பலில் மூன்றாவது கம்பிக்குக் குறி வைக்க வேண்டும். தரத்தோடு குறிப்பும் வரும்: தொடக்கத்தில் உயரம், நடுவில் வேகம் அதிகம், கிட்டே வந்தபோது தாழ்வு, இடப்பக்கம் விலகல். அந்தக் குறிப்பை வாசித்தால் அடுத்த தடவை எதைத் திருத்த வேண்டும் என்று தெரியும். புள்ளி என்றால் இப்படி இருக்க வேண்டும். மூஸ் என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பில் ஏர்பாஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் எல்லாருடைய தரமும் ஒரே பலகையில் வரிசையாக வரும். பசங்களுக்குள் போட்டி வேண்டும் என்றால் கில் பட்டியலைவிட இந்தப் பலகைதான் ஆரோக்கியம். சுடத் தெரியாதவனும் முதலிடம் வரலாம்.

இனி உங்கள் சனிக்கிழமை சர்வர். பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சிக்கலான சூத்திரம் தேவையில்லை. மூன்று பத்தி வையுங்கள், கூட்டித் தொகை போடவே வேண்டாம். முதல் பத்தி கில். வீழ்த்தியது வீழ்த்தியதுதான், நீங்கள் செத்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து அடித்தால் அரை அரை. தரையில் இருந்ததைத் தனியாக எழுதுங்கள். இரண்டாவது பத்தி உயிர். சாகாமலும் பிடிபடாமலும் தொடர்ந்து எத்தனை சார்ட்டி என்று மட்டும் எண்ணுங்கள். டிட்ச் ஆனாலும் நம் மண்ணில் என்றால் எண்ணிக்கை ஓடட்டும். மூன்றாவது பத்தி விமானம். ஆளுக்கு ஒரு இரவுக்கு மூன்று நல்ல விமானம் என்று வையுங்கள். தளத்தில் இறக்கினால் விமானம் கைக்குத் திரும்பும், வெளியே விட்டால் போனது போனதுதான். மூன்றும் தீர்ந்தவன் பழைய விமானத்தில் பறக்கட்டும். லேண்டிங்கின் அருமை இந்தப் பத்தியில்தான் தெரியும். பெருக்கல் முறையில் வராத பயம் இதில் வரும்.

புல்லுக்கு வட்டம் போடுங்கள், ரன்வே நடுவில் இருந்து ஒரு கிலோமீட்டர் தாராளம். லைன் அறுந்தால் கடைசி அடியில் இருந்து மூன்று நிமிடம் என்று வையுங்கள், அதை ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். அப்புறம், நிறைய சர்வர்களில் சண்டையைக் கிளப்புவது கடைசி நிமிடம்தான். மிஷன் நேரம் முடிந்து சர்வர் மாறும்போது வானத்தில் இருப்பவனுக்கு என்ன முத்திரை? முழு வெற்றி என்றால் கடைசி அரை மணி யாரும் இறங்க மாட்டார்கள், சாவு என்றால் அடுத்த வாரம் யாரும் வர மாட்டார்கள். வானத்தில் இருந்தவனுக்குக் கில்லும் உயிரும் அப்படியே நிற்கட்டும், விமானம் மட்டும் திரும்பாது என்று எழுதுங்கள். இரவு 12 மணிக்கு மூடுவதென்றால் 11.40-க்கு ஒரு அறிவிப்பும் 11.50-க்கு ஒரு அறிவிப்பும் திரையில் வரும்படி செய்துவிடுங்கள். நடுவில் எங்கே இருந்தாலும் தளம் திரும்ப அது போதும், உங்கள் மேப் ரொம்பப் பெரிதாக இருந்தால் மட்டும் முதல் அறிவிப்பை 11.30-க்கே போட்டுவிடுங்கள்.